மூன்று தடவை போனவள்

கெரென்சா பாஸ்கோவை அமெரிக்காவிலிருந்து முதல் தடவை திருப்பி அனுப்பியபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. அடிலெய்டு விமான நிலையத்துக்கு அப்பா டென்சில் தன் பழைய பிக்கப் வண்டியோடு வந்திருந்தார். பின்னால் நாய், வேலிக்கம்பிச் சுருள், ரெண்டு மூட்டை ஆட்டுத் தீவனம். அதற்கு நடுவில் அவளுடைய பையையும் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் மழை. ஊருக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாப்டியா?"

"ப்ளேன்ல குடுத்தாங்கப்பா."

"வியாழக்கெழம பூபரோ பண்ணைப் பக்கம் ஆட்டுக் கத்தரிப்பு ஆரம்பிக்குது. ஒரு ஆளு கொறையுது."

"வரேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டென்சில் துக்கம் விசாரிக்கிற விதம் அதுதான் என்று மகளுக்குத் தெரியும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற சின்ன ஊரில் பாஸ்கோ குடும்பம், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கமிருந்து ஆட்கள் வேலைக்கு வந்த செம்புச் சுரங்கக் காலத்திலிருந்தே இருக்கிறது. சுரங்கம் மூடியபின் ஆடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். டென்சில் செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவர். பதினேழு வயதில் கெரென்சாவும் அந்த வேலைக்கு வந்தாள். ஆறடி இரண்டு அங்குலப் பெண்ணுக்கு ஏற்ற வேலை இல்லை அது. நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்து, ஆட்டை உட்காரவைத்து இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மின்கத்தரியை வயிற்றிலிருந்து ஓட்ட வேண்டும். கொழுத்த ஆடு ஒன்று திமிறினால் ஆளையே தூக்கி எறியும். "நெட்டச்சி ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு" என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அவள் தாங்கினாள்.

கூடைப்பந்துக்கும் அவளை உயரம்தான் இழுத்துக்கொண்டு போனது. ஊர்ப் பொருட்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில் புதன்கிழமைதோறும் பெண்கள் ஆட்டம் நடக்கும். பதிமூன்று வயதிலேயே அவளைப் பெரிய பொம்பளைகளோடு சேர்த்துவிட்டார்கள். பிள்ளை பெற்று, பால் கறந்து, மூட்டை தூக்கிப் பழகிய பொம்பளைகள். வளையத்துக்குக் கீழே சின்னப் பெண் நிற்கிறாளே என்று யாரும் ஒதுங்கிப் போகவில்லை. முழங்கையால் இடித்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் கேக் கொடுத்தார்கள். அங்கிருந்து அடிலெய்டு அணி. வாரத்தில் மூன்று நாள், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அந்த ஆட்டங்களைப் படம் பிடித்த ஒருவர் அதை அமெரிக்காவுக்கு அனுப்ப, அங்கிருந்து ஒரு சித்திரை மாதத்தில் அழைப்பு வந்தது. ஒஹாயோ பக்கம் ஓர் ஆற்றங்கரை நகரத்தில் இருந்த 'நாரைகள்' என்ற அணி. பெண்களுக்கான தொழில்முறை லீக். உலகத்திலேயே அதற்கு மேல் ஆட இடமில்லை. முகாமுக்கு வா, தேறினால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அணியின் கோச்சின் பெயர் ஹேட்லி. தொப்பையும் கரகரத்த தொண்டையுமாக இருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் மனசுக்குள் ஒரு தீர்ப்பை முன்பே எழுதி வைத்திருந்தார். முதல் நாளே, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "வெளிநாட்டுப் பொண்ணுங்க அழகா பந்து போடுவாங்க, அழகா பாஸ் பண்ணுவாங்க. மேல ஒரு இடி விழுந்தா மெழுகு மாதிரி உருகிடுவாங்க. இத்தன வருஷமா பாத்துட்டேன்."

வெளிநாட்டுப் பெண்களின் பெயர்களை அவர் கற்றுக்கொள்வதில்லை. ஊர்ப் பெயர்தான். போலந்துக்காரி யாத்விகா அவருக்கு 'வார்சா'. பிரேசில்காரி ஒருத்தி 'ரியோ'. கெரென்சா 'சிட்னி'.

"நான் சிட்னி இல்ல கோச். அது எங்க ஊர்லேந்து ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டணும்."

"உன் பேரு என்னமோ நாக்குல நிக்கல. நீ ஜூன் மாசம் வரைக்கும் இங்க இருந்தா கத்துக்கறேன்."

இருக்கவில்லை. இரண்டாவது வாரம் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்ல கை உனக்கு. ஆனா இங்க விழற அடி உனக்குத் தாங்காது."

"எந்த நாளு தாங்கலன்னு சொல்லுங்க."

"ஒரு நாளுன்னு இல்ல…"

"ரெண்டு வாரம் ஆடியிருக்கேன். நான் கீழ விழுந்த ஒரு நாளுகூடவா ஞாபகம் வரல?"

ஹேட்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போய் உடம்ப ஏத்து, சிட்னி."

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த லவோண்டா ஸ்பைவி என்ற மிசிசிப்பிப் பக்கத்து அமெரிக்காக்காரிதான் பை கட்ட உதவி செய்தாள். அவளும் அந்தத் தடவை தேறவில்லை. குள்ளி, பேச்சு மட்டும் ஆளைவிட உயரம். "அழாதடி நெட்டச்சி. இந்த ஆளு என்னையும்தான் அனுப்பறான். நான் என்ன நிலாவுலேந்தா வந்தேன்?" என்றாள். கெரென்சா அழவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனசில் ஊசி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஊர் சும்மா இருக்குமா? கசாப்புக் கடை லாயிட் அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தான்.

"அதுக்குள்ள வந்துட்டியா பொண்ணு! நீ போனப்ப வெட்டின தொடையே இன்னும் விக்கலியே."

"அப்ப தள்ளிக் குடு. ஊசிப் போயிருக்கும், நாய்க்காச்சும் ஆகும்."

மதுக்கடையில் அதுவே பேச்சு. நம்ம ஆட்கள் அங்கே தேறுவார்களா மாட்டார்களா. ஆண்கள் லீக்குக்குப் போனவன், வந்தவன், இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவன் என்று ஒவ்வொருத்தன் ஜாதகத்தையும் அலசினார்கள். பந்தைக் கையில் தொடாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். "அது அவங்க ரத்தத்துல ஊறினது, நமக்கு கிரிக்கெட்டு மாதிரி" என்றான் லாயிட். டென்சில் தன் கிளாசைக் காலி செய்துவிட்டு, "ஏன், உன் தாத்தா கார்ன்வால்லேந்து கசாப்புக் கத்தியோடவா பொறந்து வந்தாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்த வருஷம் முழுக்க கெரென்சா ஆடு கத்தரித்தாள், ஆடினாள், தின்றாள், மறுபடி கத்தரித்தாள். அடுத்த சித்திரையில் மறுபடி அழைப்பு வந்தது. போனாள்.

இந்தத் தடவை நாரைகள் அணியின் பெரிய ஆள் பெர்னீஸ் டேட்டம் அவளைச் சோதித்துப் பார்த்தாள். பெர்னீஸ் என்றால் லீக்கில் பாதிப் பேர் ஒதுங்கிப் போவார்கள். அகலமான தோள், கல் மாதிரி இடுப்பு. வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரே தள்ளாகத் தள்ளினாள். கெரென்சா முழங்காலை மடக்கி, பாதத்தை அகட்டி, இடுப்பை இறக்கி நின்றாள். திமிறுகிற ஆட்டோடு மல்லுக்கட்டக் கூடாது, அதன் எடையை நம் கால் வழியாகத் தரையில் இறக்கிவிட வேண்டும். அது அவளுக்கு யோசித்துச் செய்வதில்லை, உடம்பில் இருந்தது. பெர்னீஸ் இன்னொரு தடவை தள்ளினாள். நகரவில்லை. மூன்றாவது தடவை முழங்கை தாடையில் விழுந்தது. உதடு கிழிந்தது. அப்போதும் நகரவில்லை.

பெர்னீஸ் திரும்பிப் பார்த்தாள். "ஊர்ல என்ன வேல பாக்கறவ நீ?"

"ஆட்டுக்கு மயிர் வெட்டறேன்."

"என்னது!"

"ஒனக்கு வேணும்னாலும் வெட்டறேன்."

பெர்னீஸ் சிரித்த சிரிப்பில் பந்து கையிலிருந்து நழுவியது. அன்று முதல் பயிற்சியில் எதிரில் நிற்க அவளைத்தான் கூப்பிட்டாள்.

ஆனாலும் முகாமின் கடைசி நாள் காலையில் ஹேட்லி அறைக்குக் கூப்பிட்டார்.

"உடம்பு ஏறியிருக்கு. ஒத்துக்கறேன்."

"அப்புறம்?"

"வெளிநாட்டுப் பொண்ணுங்கள நம்பி உக்கார முடியல. சீசன் நடுவுல நாட்டு அணி கூப்புடுதுன்னு கெளம்பிடறீங்க."

"என்னைய நாட்டு அணிக்கு யாருமே கூப்புடலியே."

"கூப்பிட்டா?"

போன வருஷம் உடம்பு. இந்த வருஷம் கூப்பிடாத நாடு. முடிவு முதலில் வந்துவிடுகிறது, காரணம் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிறது. அது புரிந்ததும் அவளுக்கு ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தன்னிடம் ஒரு குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இனித் தேட வேண்டியதில்லை.

லவோண்டா அந்த வருஷம் தேறிவிட்டாள். பேருந்து நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் வருவியாடி?" என்றாள்.

"வராம?"

ஊரில் அவள் இறங்கியபோது லாயிட்கூட கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். சாவு வீட்டில் இருக்கிற மாதிரி அன்பு. ஊர்க் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவி குவெண்டா ஹாஸ்கிங் கால்பந்துக் கிளப் மண்டபத்தில் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். ஆட்டுக் கறி வறுவல், மூன்று வகை புட்டிங், சுவரில் காகிதத் தோரணம். கெரென்சாவின் பெயர் பொறித்த மரப் பலகை ஒன்றும் தயாராக இருந்தது. அம்மா மவ்ரீன் ஊர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள். தன் நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குவெண்டா எழுந்தாள். "நம்ம பொண்ணு முயற்சி பண்ணிச்சு. அதுதான் முக்கியம். நம்ம ஊர்லேந்து அந்த வாசல் வரைக்கும் போனவங்க வேற யாரு? கனவு பலிக்காட்டி என்ன, நம்ம மனசுல அவ என்னைக்கும்…"

"குவெண்டாக்கா, ஒரு நிமிஷம்." கெரென்சா எழுந்துவிட்டாள். "நான் இன்னும் சாகல."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"பலகை நல்லா இருக்கு. ஆனா எனக்கு வேணாம். நான் ஏப்ரல்ல மறுபடி போறேன்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து லாயிட், "இந்தத் தடவ கூப்டாங்களா?" என்றான்.

"கூப்டல."

"அப்ப அந்தக் கோச்சுதான் சொல்லிட்டானேம்மா. ரெண்டு தடவ சொல்லிட்டான். நம்ம ஆளுங்களுக்கு அங்க ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சில்ல?"

"லாயிட், ரெண்டாவது தடவ என்னோட சேத்து ஒம்பது பேர அனுப்பினாங்க. அதுல ஏழு பேரு அமெரிக்காக்காரிங்க. ரெண்டு பேரு ஒஹாயோவுலயே பொறந்தவங்க. ஒஹாயோக்காரி அமெரிக்கால தேறுவாளா மாட்டாளான்னு எந்த மதுக்கடைலயாச்சும் பேசினாங்களா? அவ தோத்தா அவ மட்டும்தான் தோத்தா. நான் தோத்தா மட்டும் ஏன் நாடே தோக்குது?"

டென்சில் தட்டிலிருந்த கறித் துண்டை நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்புடுங்க. புட்டிங் ஆறுது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் சமையலறையில் அம்மா பிடித்துக்கொண்டாள். கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி.

"ஊர் முன்னால என் மானத்த வாங்கிட்டியே! அந்தப் பலகைய வாங்கிக்கிட்டா கையா வெந்துரும்?"

"அது கல்லறைக்கல்லும்மா. ஆள் உயிரோட இருக்கையிலேயே குடுத்தாங்க."

"வேணாங்கறவன் வாசல்ல எத்தன தடவடி போயி நிப்ப? பாக்கற எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சியா?" மவ்ரீன் ஒரு கிழங்கைத் தண்ணீரில் எறிந்தாள். "ஒவ்வொரு தடவயும் நீ எளச்சு வர. வாய் மட்டும்தான் நீளமாயிட்டு வருது."

"அது அவன் வாசல் இல்லம்மா."

"பின்ன யாரு வாசலாம்?"

"நல்லா ஆடறவங்க வாசல். அவன் வெறும் காவலாளி."

மவ்ரீன் கத்தியை வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போனாள். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த ஊர்ல குளிருமா?" என்று கேட்டாள்.

நாரைகள் அணி முகாமுக்கு முன்னால் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அறிவிப்பார்கள். பேருக்கு நடக்கிற காரியம். பள்ளிக்கூட ஆசிரியைகள், கல்லூரியில் ஆடி விட்டவர்கள், பந்தயம் கட்டி வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே வரும். யாரும் அதிலிருந்து தேறியதில்லை. லவோண்டா தொலைபேசியில் தேதியைச் சொன்னாள். "என் வீட்டு சோபா உன் முழங்கால் வரைக்கும்தான் நீளம். மிச்சத்த நாற்காலி போட்டு வெச்சுக்க," என்றாள்.

ஹேட்லி களத்தில் அவளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"உன்னை நான் கூப்டலியே."

"கதவு தொறந்திருந்துச்சு கோச்."

அன்று அவள் ஆடிய ஆட்டத்தை லவோண்டா பின்னாளில் நூறு தடவை சொல்லியிருப்பாள். அழகான ஆட்டம் இல்லை. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போதெல்லாம் அதற்குக் கீழே கெரென்சா இருந்தாள். யார் எந்தப் பக்கம் ஓடினாலும் வழியில் அவளுடைய இடுப்பு இருந்தது. முகாமுக்குச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. முகாமின் கடைசி நாளில் பழைய அறையில் பழையபடி ஹேட்லி காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, பெர்னீஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"கோச், பயிற்சில என் முன்னாடி நிக்க ஆளு வேணும். மத்தவங்க எல்லாம் நான் திரும்பினாலே ஒதுங்குறாங்க. இவள அனுப்பினா நீங்கதான் வந்து நிக்கணும்."

ஹேட்லி தன் தொப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கடைசி இடம், பெஞ்சின் கோடி, கெரென்சாவுக்குக் கிடைத்தது.

இரக்கத்தில் கிடைத்த இடம் என்று சிலர் சொன்னார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கிடைத்த இடத்தில் கால் ஊன்றினாள். காலையில் பெர்னீஸோடு முட்டுவது, மாலையில் பெஞ்சில் உட்கார்வது. ஜூன் வந்தது, போனது. ஹேட்லி இன்னும் 'சிட்னி' என்றுதான் கூப்பிட்டார்.

ஜூலையில் நாரைகளின் சொந்த அரங்கில் ஓர் ஆட்டம். எதிரணி லீக்கிலேயே முரட்டு அணி. கடைசிப் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெர்னீஸ் அளவுக்கு மீறி ஃபவுல் செய்து வெளியேற்றப்பட்டாள். அவளுக்கு மாற்றாக ஆடுபவள் கணுக்கால் சுளுக்கி ஏற்கெனவே பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். உயரமான ஆள் வேறு யாரும் இல்லை. ஹேட்லி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"சிட்னி! போ உள்ள!"

கெரென்சா அசையவில்லை.

"சிட்னி!"

அவள் முழங்கால் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு களத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். களத்தில் நின்ற லவோண்டா, "அடியே, எழுந்திருடி! மூணு வருஷமா இதுக்குத்தானேடி அலைஞ்ச!" என்று கத்தினாள். நடுவர் கடிகாரத்தைக் காட்டி ஹேட்லியை அவசரப்படுத்தினார்.

அந்தச் சில நொடிகளில் தன்னுள் என்ன ஓடியது என்று பிறகு கேட்டவர்களிடம் கெரென்சா ஒன்றும் பெரிதாகச் சொன்னதில்லை. பயம் இருந்தது. ஆனால் இப்போது எழுந்தால் உள்ளே போவது சிட்னிதான். நன்றாக ஆடினாலும் சிட்னி ஆடியது. சொதப்பினாலும் சிட்னி சொதப்பியது. மூன்று தடவை கடல் தாண்டி வந்தவள் பெஞ்சிலேயே கிடப்பாள்.

ஹேட்லியின் முகம் சிவந்தது. அவள் முன்னால் வந்து நின்றார். "காது கேக்கலியா உனக்கு?"

"கேக்குது கோச். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

அவர் அவளுடைய சட்டை முதுகைப் பார்க்க எட்டினார். அங்கேதான் பேர் எழுதியிருந்தது.

"பாஸ்கோ! உள்ள போ!"

அவள் துண்டை எறிந்துவிட்டு ஓடினாள்.

காவியம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் பந்தையே தவறவிட்டாள். அரங்கம் 'ஓ' என்றது. எதிரணிப் பெரிய ஆள் முதுகால் தள்ளினாள், விலாவில் இடித்தாள், காதில் ஏதோ சொன்னாள். கெரென்சா இடுப்பை இறக்கினாள். அந்தப் பெண் அதன்பின் வளையத்தருகே ஒரு பந்துகூடப் போடவில்லை. திரும்பி வந்த பந்துகளைக் கெரென்சா பிடுங்கினாள். லவோண்டாவுக்கு வழிவிட எதிராளியை உடம்பால் மறித்து நிற்க, மோதிய பெண் சுவரில் மோதியவள் மாதிரி சரிந்தாள். அப்படியும் ஆட்டத்தில் தோற்றார்கள், ஒரே கூடை வித்தியாசத்தில்.

உடை மாற்றும் அறையில் ஹேட்லி கத்தினார். "இன்னொரு தடவ அப்படிப் பண்ணினே, அன்னைக்கே ப்ளேன் ஏத்திடுவேன்!"

"இன்னொரு தடவ நீங்க பேர் சொல்லிக் கூப்டீங்கன்னா அந்த வேலையே வராது கோச்."

அதற்குத் தண்டனையாக வாரக்கணக்கில் அவளைக் களத்தில் இறக்கவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் யாத்விகா உட்கார்ந்திருந்தாள். அமைதியான பெண், தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருப்பவள். அடுத்த பயிற்சியில் ஹேட்லி "வார்சா!" என்று கூப்பிட்டபோது அவளும் திரும்பவில்லை. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டே இருந்தாள். "யாத்… யாட்…" என்று அவர் திணறியதைப் பார்த்துப் பெர்னீஸ் சுவரோடு சாய்ந்து சிரித்தாள்.

சேதி பர்ராவுக்கு நூலகத்துக் கம்ப்யூட்டர் வழியாக வந்து சேர்ந்தது. அம்மாவின் தொலைபேசி வந்தது.

"சம்பளம் குடுக்கறவன் கூப்ட்டா எழுந்திருக்க மாட்டியாடி? இதுக்கா உன்ன வளத்தேன்?"

"அம்மா…"

"குறுக்க பேசாத. என் ஆஸ்பத்திரில ஒரு டாக்டரு இருந்தான். பதினோரு வருஷம் என்ன 'சமையலு'ன்னுதான் கூப்ட்டான். 'சமையலு, டீ கொண்டா.' நான் கொண்டு போயிக் குடுத்தேன்." தட்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. "சரியாத்தான் பண்ணின. வெக்கிறேன்."

ஆகஸ்டில் பெர்னீஸுக்குத் தோள் கழன்றது. ஹேட்லி பெஞ்சைப் பார்த்து, "பாஸ்கோ" என்றார். அப்புறம் அவளை உட்காரவைக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நாரைகள் அணியில் மூன்று சீசன் ஆடினாள். இரண்டாவது சீசனில் பாதிக்கு மேல் தொடக்கத்திலேயே களத்தில் இருந்தாள். நட்சத்திரம் ஆகவில்லை. அவள் படம் போட்ட சட்டையை யாரும் விற்கவில்லை. ஆனால் அந்த லீக்கில் வளையத்துக்குக் கீழே அவளோடு நிற்பது எதிரணிப் பெண்களுக்குப் பிடிக்காத வேலையாக இருந்தது.

அந்த இரண்டாவது சீசனில் ஹேட்லி ஒரு பத்திரிகையில் புதுத் தீர்ப்பு சொன்னார். "ஆஸ்திரேலியாக்காரிங்கன்னா சும்மா இல்ல. பண்ணைல வேல செஞ்ச பொண்ணா பாத்து எடுக்கணும், அதுதான் சூத்திரம்." கெரென்சாவுக்கு அதைப் படித்தபோது முதல் தீர்ப்பைவிட அதிகக் கோபம் வந்தது. பயிற்சிக்கு நடுவில் போய்க் கேட்டாள்.

"யாத்விகா அப்பா பல் டாக்டரு. அவ வார்சால அஞ்சாவது மாடில பொறந்து வளந்தவ. அவ எந்தச் சூத்திரம் கோச்?"

"நல்லதுதானேம்மா சொன்னேன்!"

"நல்லதும் வேணாம். வர்றவள நிக்க வெச்சுப் பாருங்க. அவ்வளவுதான்."

மூன்றாவது சீசன் முடிவில் முழங்கால் போனது. அறுவை முடிந்தபின் அணி அவளை விடுவித்தது. இந்தத் தடவை ஹேட்லி காரணம் தேடவில்லை. "கால் போச்சு, பாஸ்கோ. எனக்கும் வருத்தம்தான்," என்றார். அது உண்மை. உண்மையான காரணத்தோடு அவர் ஒருத்தியை அனுப்புவதை அவள் அன்றுதான் பார்த்தாள். கை கொடுத்துவிட்டு வந்தாள்.

முழங்காலை மடக்கி ஆடு பிடிக்க இனி முடியாது. கம்பளிப் பொதிகளைக் கொட்டகைகளிலிருந்து ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற லாரியை ஓட்டுகிறாள். வண்டி அவளுடையது. அடிலெய்டிலிருந்து எப்போதாவது வானொலிக்காரர்கள் கூப்பிடுவார்கள். புதிதாக ஒரு பையனோ பெண்ணோ அமெரிக்காவுக்குத் தேர்வாகியிருக்கும். நம்மவர்கள் அங்கே தாக்குப்பிடிப்பார்களா, உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள் என்பார்கள்.

"அந்தப் புள்ள ஆடி நான் பாத்ததில்லீங்க," என்பாள். "பாத்தா அந்தப் புள்ளயப் பத்திச் சொல்றேன். நாட்டப் பத்திக் கேக்கணும்னா வேற யாரையாச்சும் கேளுங்க."

முழங்காலுக்கு ஓட்டமே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன புதன்கிழமை தகரக் கொட்டகையில் கிளேர் ஊர்ப் பெண்களோடு ஆட்டம். கெரென்சா வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் இடுப்பால் நகர்த்திக்கொண்டிருந்தாள். இளவயது நடுவர் ஒருத்தி விசில் ஊதி, "அக்கா, அது ஃபவுலு," என்றாள்.

"எது? நான் நின்னுக்கிட்டுல்ல இருந்தேன்!"

"நீங்க நின்ன எடத்துலதாங்க்கா அவங்க ஓடிட்டிருந்தாங்க."

"அப்ப அவள சுத்திப் போகச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, கெரென்சா கைகளை உயர்த்திக்கொண்டு அதே இடத்தில் நின்றாள்.